எக்ஸ்ரே ஃபிலிம் புடவையும் அம்மாவின் சுங்குடியும்

கலையும் ஃபேஷனும் கலந்த கண்காட்சி என்று யாராவது கூப்பிட்டாலே எனக்குக் கொஞ்சம் பயம். சென்னையில் ஒருமுறை அப்படி நம்பிப் போனேன், எங்கே என்று சொல்லவில்லை. ஓவியம் மாதிரி சுவரில் புடவைகளை மாட்டி, பக்கத்தில் நாலு வரி தத்துவம் எழுதி, கீழே விலைச்சீட்டு ஒட்டியிருந்தார்கள். காபி மட்டும் நன்றாக இருந்தது. அதனால் 2023 கோடையில் லண்டன் போயிருந்தபோது, டிசைன் மியூசியத்தில் ‘தி ஆஃப்பீட் சாரி’ என்று புடவைக் கண்காட்சி நடக்கிறது, போகலாமா என்று ஈஸ்ட் ஹாமில் இருக்கும் அக்கா கேட்டதும் இழுத்தேன். அம்மாதான் “புடவைன்னா நான் பாக்காம வேற யாரு பாக்கறது” என்று முதல் ஆளாகக் கிளம்பிவிட்டார். மதுரைச் சுங்குடி, மேலே ஸ்வெட்டர், காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி நடுவில் ஒருமுறை மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

மே 19-இல் தொடங்கி செப்டம்பர் 17 வரை நடந்தது. தொகுத்தவர் பிரியா கான்சந்தானி. பழைய பட்டு, ராணி கட்டியது, அருங்காட்சியகப் பெட்டியிலிருந்து எடுத்தது என்று போகாமல், சமீப காலத்தில் இந்திய நகரங்களில் புடவைக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் காட்டினார்கள். இது எனக்குப் பிடித்திருந்தது. டெனிமில் ஒரு புடவை, அங்கங்கே கிழிசலோடு. அம்மா அதைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று: “இதத் துவைச்சா எப்பக் காயும்?” புடவைக்கு ஸ்னீக்கர்ஸ் போடுவது புதுப் பாணி என்று அக்கா விளக்க ஆரம்பித்தாள், அம்மா குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

நான் நின்றுவிட்ட இடம் ஏபிரஹாம் அண்ட் தாகூர் என்ற இந்திய டிசைன் நிறுவனம் செய்த புடவை. தூரத்தில் சாதாரணச் சமிக்கி வேலைதான். கிட்டப் போய்ப் படித்தால், அந்தச் சமிக்கி ஒவ்வொன்றும் ஆஸ்பத்திரிகள் தூக்கிப்போட்ட எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டியது! யாரோ ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்து எடுத்த படம், இப்போது இன்னொருவர் தோளில் மினுங்கப் போகிறது. “யார் எலும்போ” என்றார் அம்மா, முகத்தைச் சுளித்துக்கொண்டு. ஆனாலும் நகரவில்லை.

கூட்டம் மொத்தமும் தங்க நிறப் புடவை பக்கம்தான். நியூயார்க்கின் பெரிய ஃபேஷன் விருந்தான மெட் காலாவில் 2022-இல் தொழிலதிபர் நடாஷா பூனாவாலா கட்டியது, டிசைனர் சப்யசாசியின் புடவை, மேலே பாரிஸ் ஃபேஷன் நிறுவனம் ஸ்கியாபரெல்லியின் உலோகக் கச்சை. பார்க்கப் பிரமாதம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது போட்டோவில் பார்த்ததற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. குலாபி கேங் பெண்கள் கட்டும் இளஞ்சிவப்புப் புடவை வேறு ரகம். உத்தரப் பிரதேசத்தில் பாந்தா பக்கம் பெண்டாட்டியை அடிக்கிறவன் வீட்டு வாசலில் கம்போடு போய் நின்றவர்களின் சீருடை அது. ஜரிகை கிடையாது, டிசைனர் பெயர் கிடையாது, அந்த நிறம் மட்டும்தான். ‘அடையாளம், எதிர்ப்பு’ என்று ஒரு பகுதிக்குப் பெயர் வைத்ததற்கு இந்த ஒரு புடவையே போதும்.

இதெல்லாம் புடவையா, பாரம்பரியம் என்னாவது என்று கேட்பவர்களுக்கு ஒன்று. நாம் இன்று ரவிக்கை, உள்பாவாடையோடு கட்டுகிற கட்டு பரவியதில் 19-ஆம் நூற்றாண்டில் ஞானதானந்தினி தேவிக்குப் பெரிய பங்கு உண்டு, கவி ரவீந்திரநாத் தாகூரின் அண்ணி. அன்றைக்கு அதுவும் புதுசுதான்.

குறை? இந்த மாதிரிக் கண்காட்சி எல்லாவற்றிலும் எனக்கு இருக்கிற குறைதான். புதுமை என்றதும் எஃகு நூல், ஃபிலிம், டெனிம் என்று பொருள் மேலேயே கண் போகிறது. காஞ்சிபுரத்தில் கோர்வை போடும்போது, அதாவது வேறு நிறக் கரையை உடலோடு சேர்த்து நெய்யும்போது, உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா, மூன்று நாடா ஓட வேண்டும், ஒரு பக்கத்து நாடாவைத் தள்ளவே இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பார். இரண்டு நிறம் சேருகிற அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தவருக்கு எக்ஸ்ரே சமிக்கி அவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருக்காது. அப்புறம் புடவை கட்டி நிறுத்தியிருந்த இந்தப் பொம்மைகள். புடவை நடந்தால்தான் புடவை. கொசுவம் விசிறுவதும் முந்தானை நழுவுவதும் அதை இழுத்துச் செருகுவதும் இல்லாமல் பார்ப்பது, பாட்டை எழுத்தில் படிக்கிற மாதிரி இருக்கிறது.

வெளியே வந்து பக்கத்தில் ஹாலண்ட் பார்க்கில் உட்கார்ந்து, டப்பாவில் கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டோம். அடுத்த வாரம் இன்னொரு ஃபேஷன் கண்காட்சி இருக்கிறது, டிக்கெட் போடவா என்று அக்கா கேட்டாள்.

“அங்கயாவது பொம்மை நடக்குமா?” என்றார் அம்மா.