"எல்லா கெமிக்கலுக்கும் தாங்கும்" என்று கையுறை விற்பவர்களிடம் ஜாக்கிரதை

ஆம்பூரில் ஒரு ஷூ யூனிட்டில் ஸ்டோர்ஸையும் பாதுகாப்பு வேலையையும் சேர்த்துப் பார்க்கிறேன். சோல் ஒட்டும் பிரிவுக்கு வாங்கிய கையுறையில் எங்களை ஏமாற்றிவிட்டார்கள். இதே சரக்கு வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கமும் போவதாகக் கேள்விப்பட்டேன், அதனால்தான் இந்தப் பதிவு.

எங்கள் பசையில் டொலுயீன் இருக்கிறது, எம்.இ.கே. என்று சொல்லும் மெத்தில் எத்தில் கீட்டோனும் இருக்கிறது, இரண்டும் கரைப்பான்கள். பர்ச்சேஸ் ஆர்டரிலேயே இரண்டு பெயரையும் எழுதி, இவற்றுக்குத் தாங்கும் கையுறைதான் வேண்டும் என்று கேட்டிருந்தோம். சென்னை வியாபாரி போனில், "கவலையே படாதீங்க சார், நைட்ரைல், எல்லா கெமிக்கலுக்கும் தாங்கும்" என்றார். நைட்ரைல் என்பது ஒருவகை செயற்கை ரப்பர். வந்ததோ ஆஸ்பத்திரியில் போடுகிற மாதிரி மெல்லிய நீலக் கையுறை, விலை மட்டும் தடித்த கையுறைக்கு உரியது.

போட்ட அன்றே விரல் நுனி உப்பித் தொளதொளவென்று ஆகிவிட்டது. பசை தடவும் அக்கா ஒருவர், "கிளவுஸ் போட்டாலும் உள்ளே ஜில்லுனு ஏறுது தம்பி" என்று கையைக் காட்டினார், தோல் வெளுத்து விரலிடுக்கில் வெடித்திருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உடனே எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டு வியாபாரியைக் கூப்பிட்டால், "எங்கே ஓட்டை இருக்குனு காட்டுங்க சார், பிரிச்ச பாக்கெட்டை நான் எப்படித் திருப்பி எடுக்கறது?" என்கிறார்.

ஓட்டையே தேவையில்லை என்பதுதான் விஷயம். கரைப்பான் ரப்பருக்குள் மூலக்கூறு மூலக்கூறாக ஊறி மறுபக்கம் வந்துவிடும், வெளியே பார்த்தால் கையுறை முழுசாகத்தான் தெரியும். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த கேரன் வெட்டர்ஹான் 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரசச் சேர்மத்தைக் கையாண்டபோது லேடெக்ஸ் கையுறை மேல் சில சொட்டுகள்தான் விழுந்தன, கையுறை கிழியவே இல்லை, ஆனால் 1997 ஜூனில் பாதரச நஞ்சால் இறந்துபோனார். அந்த மாதிரிக் கையுறையைப் பிறகு சோதித்தபோது 15 விநாடிக்குள்ளேயே அது ஊடுருவிவிடுவது தெரிந்தது. எங்கள் பசை அவ்வளவு கொடியதில்லை, ஆனால் ஊடுருவுகிற விதம் ஒன்றேதான்.

சர்டிபிகேட் கேட்டோம், வாட்ஸப்பில் அனுப்பினார். அதில் இருந்தது சுத்தியல் படம் போட்ட ஈஎன் 388 என்ற ஐரோப்பியத் தரம், அதாவது உராய்வு, வெட்டு, கிழிசல், குத்தல் போன்றவற்றுக்கான சோதனை மட்டும், ரசாயனத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போதாததற்கு மாடல் எண்ணும் வேறு. ரசாயனக் கையுறை என்றால் ஈஎன் ஐஎஸ்ஓ 374-1 என்று இருக்க வேண்டும், கூம்புக் குடுவைப் படம் இருக்க வேண்டும். சிஇ என்ற ஐரோப்பிய முத்திரைக்குப் பக்கத்தில், சரிபார்த்த அமைப்பைக் குறிக்கும் நான்கு இலக்க எண்ணும் இருக்கும், எங்கள் பெட்டியில் வெறும் சிஇ மட்டும்தான்.

குடுவைக்குக் கீழே உள்ள எழுத்துகளையும் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு ரசாயனம்: பி என்றால் அசிட்டோன், எஃப் டொலுயீன், கே 40 சதவீத காஸ்டிக் சோடா, எல் 96 சதவீத கந்தக அமிலம். டைப் ஏ என்றால் அந்தத் தரத்தின் பட்டியலில் குறைந்தது 6 ரசாயனத்துக்கு 30 நிமிடமாவது தாங்கியிருக்க வேண்டும், டைப் பி என்றால் 3. டைப் சி வெறும் 10 நிமிடம், அதுவும் ஒரே ஒரு ரசாயனத்துக்கு. நம்முடைய ரசாயனம் பட்டியலிலேயே இல்லாமலும் போகலாம், உதாரணமாக எம்.இ.கே. அதில் இல்லை, அப்போது தயாரிப்பாளரின் ஊடுருவல் நேர அட்டவணையைக் கேட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். அந்த நேரமும் 23 டிகிரியில் அளந்தது, கையுறைக்குள் கைச்சூடு சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் ஊடுருவும்.

நைட்ரைல் மோசமான பொருள் இல்லை. எண்ணெய், கிரீஸ், பெட்ரோலுக்கு நல்லது, அசிட்டோன், எம்.இ.கே. மாதிரியான கீட்டோன்களுக்கு ஆகாது. கீட்டோனுக்கு பியூட்டைல் ரப்பர் நல்லது, ஆனால் டொலுயீனில் அது உப்பிவிடும். இரண்டும் கலந்த பசைக்குப் பல அடுக்குப் படலத்தால் செய்த லேமினேட் கையுறைதான் பொருந்தியது. விரலுக்குப் படியாது, மொடமொடவென்று இருக்கும், அக்காமார்கள் திட்டத்தான் செய்கிறார்கள், அதனால் மேலே இன்னொரு இறுக்கமான கையுறை போட்டு, பிரஷ் பிடியையும் நீளமாக்கிக் கொடுத்திருக்கிறோம். பசை வாசனைக்குக் காற்றோட்டமும் முகக்கவசமும் தனி, கையுறை அதைத் தீர்க்காது.

வாங்குவதற்கு முன்னால் பசை கம்பெனியிடம் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள், 8வது பிரிவில் கையுறை பற்றி இருக்கும். "தகுந்த கையுறை அணியவும்" என்று மட்டும் போட்டிருந்தால் விடாதீர்கள், எந்தப் பொருள், எத்தனை நிமிடம் என்று எழுத்தில் கேளுங்கள். ரசாயனத்தின் பெயரைப் பர்ச்சேஸ் ஆர்டரில் கட்டாயம் எழுதுங்கள். எங்கள் ஆர்டரில் அது இருந்ததால்தான் பாக்கிப் பணத்தை நிறுத்திவைக்க முடிந்தது. தினமும் போன் வருகிறது. அந்த மாடலுக்கே உரிய 374 சோதனை அறிக்கையைக் கொண்டுவந்து காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டோம், இதுவரை அனுப்பவில்லை.