உடையில் அடிக்கும் உண்ணி ஸ்ப்ரே: வாங்கலாம்

புல்வெளி, புதர்ப்பக்கம் நடப்பவர்கள் இந்த 0.5% பெர்மெத்ரின் (பூச்சி, உண்ணிகளைக் கொல்லும் மருந்து) ஸ்ப்ரேயைத் தாராளமாக வாங்கலாம். தோலில் பூசுவதற்கு இல்லை, உடைக்கும் ஷூவுக்கும் மட்டும். முந்தின நாளே வெளியில் தொங்கவிட்டு, காலுறை, பேன்ட்டின் கீழ்விளிம்பு எல்லாம் ஈரமாகிற அளவுக்கு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் போட வேண்டும். காய்ந்ததும் வாசனையே இல்லை. பேன்ட்டில் ஏறிய உண்ணி ஒன்று முழங்காலை எட்டுவதற்குள் தடுமாறிக் கீழே விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். சில சலவைகள் வரை தாங்கும். பாட்டில் மூடிதான் சரியில்லை, அழுத்தி அழுத்தி விரல் வலிக்கிறது, ஓரத்தில் ஒழுகவும் செய்கிறது. வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும்வரை கிட்டவே விடாதீர்கள், அதற்கு இது விஷம். அப்புறம், ஸ்ப்ரே அடித்தாயிற்றே என்று அக்குள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்பக்கமெல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.