ஒரு சொல், நான்கு இணைய அகராதிகள்: ‘போல்ஸ்டர்’ தேடினால் எது கைகொடுக்கிறது?

ஒரே பக்கத்தில் ‘சப்போர்ட்’ என்று ஆறு தடவை எழுதிவிட்டு, மாற்றுச்சொல் தேடி அகராதித் தளத்தைத் திறக்கும் மாணவர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் அலுவலகக் கடிதம் எழுதுகிறவர்களுக்குமானது இந்த மதிப்புரை. மெரியம்-வெப்ஸ்டர், ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ், கேம்பிரிட்ஜ், தெசாரஸ்.காம் ஆகிய நான்கையும் விளம்பரங்களோடு இலவசமாகப் பார்க்கலாம். நான்கிலும் உரைத்துப் பார்க்க எடுத்துக்கொண்ட சொல், ‘சப்போர்ட்’டுக்கு மாற்றாக வரும் சொற்களில் ஒன்றான ‘போல்ஸ்டர்’ (bolster).

இந்தச் சொல்லை எடுத்ததற்குக் காரணம் உண்டு. பெயர்ச்சொல்லாக வந்தால் போல்ஸ்டர் என்பது நம் வீட்டுத் திண்டு. உருண்டு நீண்ட தலையணை. வினைச்சொல்லின் பொருளும் அதிலிருந்து பிறந்ததுதான். திண்டு யாருக்கும் புதிதாக முதுகெலும்பு தருவதில்லை, இருக்கிற முதுகுக்கு அணைவு தருகிறது. வினைச்சொல்லும் அப்படியே: ஏற்கெனவே இருக்கும் ஒன்றுக்கு வலு சேர்ப்பது. தன்னம்பிக்கை, மன உறுதி, வாதம், வழக்கு, பொருளாதாரம், பாதுகாப்பு, நற்பெயர் போன்றவை இதற்குச் செயப்படுபொருளாக வரும். இந்த ஒரு விஷயத்தை வாசகருக்குப் புரியவைக்கும் தளமே நல்ல தளம் என்பது இங்கே அளவுகோல்.

அந்த அளவுகோலில் முதலிடம் ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் தளத்துக்கு. விளக்கங்களை எளிய சொற்களிலேயே எழுதுகிறார்கள். ஒரு சொல்லுக்குப் பொருள் தேடப்போய் இன்னும் மூன்று சொற்களில் மாட்டிக்கொள்ளும் தொல்லை இல்லை. போல்ஸ்டர் எந்தெந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்பதையும் எடுத்துக்காட்டிலேயே காட்டிவிடுகிறார்கள். ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தினால் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் கேட்கலாம். இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ‘பால்ஸ்டர்’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர். ‘கோல்டு’ என்பதில் வரும் ‘கோ’ போலத்தான் இந்த ‘போ’வும் ஒலிக்கும்.

இத்தளத்தின் இன்னொரு பலம் ‘சப்போர்ட்’ என்ற சொல்லின் பக்கம். ஊக்கம் தருவது, பணம் தருவது, கீழே விழாமல் தாங்குவது, ஒன்றை நிரூபிக்க உதவுவது, விளையாட்டு அணிக்கு ஆதரவாக இருப்பது என்று பொருள்களைக் குறுந்தலைப்பு போட்டுப் பிரித்திருக்கிறார்கள். மாற்றுச்சொல் தேடுபவர் முதலில் நிற்க வேண்டிய இடம் இதுதான். நம் வாக்கியத்தில் இருப்பது எந்த ‘சப்போர்ட்’ என்று தெரியாமல் தேடினால், எடுக்கும் சொல் தவறாகவே முடியும். ‘என் குடும்பத்தைத் தாங்குகிறேன்’ என்பதற்கு ‘ஐ போல்ஸ்டர் மை ஃபேமிலி’ என்று வேலை விண்ணப்பத்தில் எழுதுவது அப்படி விளையும் பிழை. சோறு போட்டுக் காப்பாற்றும் பொருள் போல்ஸ்டருக்குக் கிடையாது. அந்த இடத்தில் ‘சப்போர்ட்’ என்பதையே விட்டுவைப்பது நல்லது.

மெரியம்-வெப்ஸ்டரின் பலம் அதன் தெசாரஸ் பகுதி, அதாவது ஒத்த சொற்களின் தொகுப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிப் பட்டியலும், எதிர்ச்சொற்களும் கிடைக்கும். எதிர்ச்சொற்களைப் பலர் பார்ப்பதே இல்லை. பார்க்க வேண்டும். போல்ஸ்டருக்கு எதிராக நிற்கும் ‘அண்டர்மைன்’ என்ற சொல்லின் மூலப்பொருள் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டுவது. தமிழில் அச்சாகக் ‘குழிபறி’. நாம் எழுதிய வாக்கியத்தில் போல்ஸ்டரை எடுத்துவிட்டு அண்டர்மைனைப் போட்டுப் பாருங்கள். நேர் எதிரான பொருளோடு வாக்கியம் ஒழுங்காக நின்றால், போல்ஸ்டரும் பெரும்பாலும் சரியான இடத்தில் இருக்கிறது. ‘குடும்பத்தை அண்டர்மைன் செய்கிறேன்’ என்று வைத்தால் ‘சோறு போடவில்லை’ என்ற பொருள் வராது; பிழை உடனே பிடிபட்டுவிடும்.

இத்தளத்தில் செய்தித் தளங்களிலிருந்து தானாகத் திரட்டிய அண்மை எடுத்துக்காட்டுகளும் உண்டு. சொல் இன்று எப்படி உலவுகிறது என்று பார்க்க அவை உதவும். பெரும்பாலும் அமெரிக்க நடை, வாக்கியங்களும் நீளம். தொடக்கநிலை மாணவருக்கு அவை சுமை.

இனி இந்தப் பட்டியல்களின் பொதுக்குறை. பட்ரஸ், ஷோர் அப், ப்ராப் அப், ரீஇன்ஃபோர்ஸ் எல்லாம் ஒரே வரிசையில் வரும்போது எதையும் எடுத்து எங்கும் போடலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இவற்றில் பெரும்பாலானவை கட்டட வேலையிலிருந்து வந்தவை. அந்த வேலையை நினைத்தால் வேறுபாடு தானாகத் தெரியும். ‘ஷோர் அப்’ என்பது சரியும் நிலையில் இருக்கும் சுவருக்குச் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுப்பது. ஆகவே ‘வளர்ந்துவரும் எங்கள் விற்பனையை ஷோர் அப் செய்தோம்’ என்று எழுதினால், விற்பனை சரிந்துகொண்டிருந்தது என்று படிப்பவர் புரிந்துகொள்வார். ‘ப்ராப் அப்’ அதைவிட மோசம். தானாக நிற்க முடியாத வங்கியையோ ஆட்சியையோ பிடித்து நிறுத்துவதற்குத்தான் பெரும்பாலும் வரும். இன்று நம் அரசியல் பேச்சில் ‘முட்டுக்கொடுக்கிறார்’ என்றால் ஒட்டிக்கொள்ளும் இளக்காரம் அதிலும் கொஞ்சம் உண்டு. ‘பட்ரஸ்’ தேவாலயச் சுவருக்கு வெளிப்புறம் கட்டும் அணைசுவர். ஆய்வுக்கட்டுரையில் வாதத்தோடு சேரும், அன்றாடப் பேச்சில் துருத்திக்கொண்டு நிற்கும். ‘ரீஇன்ஃபோர்ஸ்’ நமக்கு ஏற்கெனவே பழக்கம்: ஆர்.சி.சி.யின் முதல் எழுத்தே அதுதான், கான்கிரீட்டுக்குள் கம்பி வைத்து வலுவேற்றுவது. கண்ணால் காணும் பொருளுக்கும் கருத்துக்கும் இரண்டுக்கும் பொருந்துவதால், ஐயம் வந்தால் இதையோ ‘ஸ்ட்ரெங்தன்’ என்பதையோ எடுப்பது பாதுகாப்பு.

தெசாரஸ்.காம் மாற்றுச்சொற்களை நெருக்கமானவை, சற்று விலகியவை என்று தரம் பிரித்துக் காட்டுகிறது. வேகமாகப் பார்க்க வசதி. ஆனால் அந்தத் தரம் பொருளின் நெருக்கத்தை மட்டுமே சொல்லும். வாக்கியத்தில் பொருந்துமா என்பதைச் சொல்லாது. மறந்துபோன சொல்லை நினைவுக்குக் கொண்டுவர மட்டும் பயன்படுத்தலாம்.

கேம்பிரிட்ஜில் விளக்கம் சுருக்கம், தெளிவு. பக்கத்தின் அடியில் வரும், பிற இடங்களிலிருந்து திரட்டிய எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தானாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை, சில முன்பின் இல்லாமல் தொங்கும். ஆக்ஸ்ஃபோர்டில் பார்த்ததை உறுதிசெய்ய இரண்டாவது கருத்தாக இது போதும்.

தொழில்நுட்பப் பொருளில் வரும்போது நான்கையும் முழுதாக நம்ப வேண்டாம். பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) வகைப் பெட்டியின் போகியில், அதாவது பெட்டிக்கு அடியில் சக்கரங்கள் பொருத்திய சட்டத்தில், பெட்டியின் எடையை வாங்கிச் சுருள்வில்களுக்குக் கடத்தும் குறுக்கு உத்தரத்தின் பெயரும் போல்ஸ்டர்தான். சமையலறைக் கத்தியில் அலகும் பிடியும் சேரும் தடித்த உலோகப் பகுதியும் போல்ஸ்டர். ‘தாங்கும் உறுப்பு’ என்ற பொதுவிளக்கத்தை வைத்துக்கொண்டு பணிமனைக் கையேட்டை மொழிபெயர்த்தால், எந்த உறுப்பு என்று தொழிலாளிக்குப் புரியாது. அங்கே ‘போல்ஸ்டர்’ என்று தமிழ் எழுத்தில் அப்படியே விடுவதுதான் முறை. பணிமனையில் வழங்குவதும் அதுதான்.

தமிழாக்கத்துக்கு என்று வந்தால் இந்த நான்கும் போதாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் இணையத்திலேயே கிடைக்கிறது. பொருள்களை அடுக்கித் தரும். எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்காது. எனவே ஆக்ஸ்ஃபோர்டில் பொருளை முடிவுசெய்துவிட்டு இங்கே வர வேண்டும். செய்தியில் ‘வலுசேர்’, மனிதரின் மனநிலை என்றால் ‘தெம்பூட்டு’, சான்று பற்றியதென்றால் ‘உறுதிப்படுத்து’ என்று இடத்துக்குத் தக்க மாற்றிக்கொள்ளலாம். எல்லா இடத்திலும் ‘ஆதரி’ என்று போடுவது இன்று செய்தி மொழிபெயர்ப்பில் அதிகம் காணும் சோம்பல். ‘புதிய ஆதாரங்கள் வழக்கை ஆதரிக்கின்றன’ என்பதைத் தமிழ்க் காது ஏற்காது. ‘வழக்குக்கு வலுசேர்க்கின்றன’ என்றால் ஏற்கும்.

எழுத்துக்கூட்டலிலும் ஒரு கவனம். இறந்தகால வடிவத்தில் கடைசி ‘ஆர்’ இரட்டிக்காது, ஏனெனில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. ‘ரெஃபர்’ இரட்டிப்பதைப் பார்த்து இதையும் இரட்டித்து எழுதிவிடுவார்கள். ‘ஆஃபர்’ எப்படியோ அப்படியே இது.