செகுலர் ஸ்டூடன்ட் அலையன்ஸ்: ஓர் ஆசிரிய ஆலோசகரின் மதிப்பீடு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கடவுள் நம்பிக்கை இல்லாத மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்க விரும்பினால், பெரும்பாலும் முதலில் நாடுவது செகுலர் ஸ்டூடன்ட் அலையன்ஸ் என்ற அமைப்பைத்தான். 1996-இல் பேராசிரியர்களும் மதம் சாராத மூத்த மனிதநேயவாதிகளும் நடத்திவந்த ஓர் அமைப்பின் ஆதரவில் கேம்பஸ் ஃப்ரீதாட் அலையன்ஸ் என்ற மாணவர் அமைப்பு உருவானது. அதில் செயல்பட்டுவந்த மாணவர்கள் சிலர், மாணவர் இயக்கம் மாணவர் கையிலேயே இருக்க வேண்டும் என்று பிரிந்து வந்து 2000-ஆம் ஆண்டில் செகுலர் ஸ்டூடன்ட் அலையன்ஸைத் தொடங்கினார்கள். நன்கொடையில் நடக்கும் லாப நோக்கற்ற அமைப்பு என்பதால் கிளை தொடங்குவோரிடம் கட்டணம் வாங்குவதில்லை. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இப்படியொரு சங்கத்துக்கு ஆசிரிய ஆலோசகராக இருந்தவன் என்ற முறையில், இவ்வமைப்பு மாணவர்களுக்குச் செய்து தரும் வேலையை மட்டுமே இங்கே எடை போடுகிறேன். கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கைத் தீர்க்க வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

பகுத்தறிவுச் சங்கம் என்றதும் அனல் பறக்கும் விவாத மேடைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு சங்கம் பிழைப்பதும் சாவதும் படிவங்களில்தான். அமைப்பு விதிகள், பொறுப்பாளர் பட்டியல், ஆலோசகரின் கையெழுத்து, ஆண்டுதோறும் புதுப்பித்தல், அறை முன்பதிவு, செலவுக் கணக்கு என்று பல்கலைக்கழகம் கேட்கும் காகிதங்களுக்கு முடிவே கிடையாது. பத்தொன்பது வயது மாணவர் இவற்றை முன்பின் பார்த்திருக்க மாட்டார். அலையன்ஸின் உண்மையான மதிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. மாதிரி அமைப்பு விதிகள், சங்கம் நடத்துவதற்கான கையேடு, வளாகத்தில் மேசை போடத் தேவையான துண்டறிக்கைகளும் ஒட்டுவில்லைகளும், சிக்கல் வந்தால் கூப்பிட்டுப் பேச ஓர் ஊழியர் எனத் தருபவை எல்லாம் பளபளப்பில்லாத, ஆனால் பயன்படும் பொருட்கள். எங்கள் மாணவர்களின் விண்ணப்பத்தைக் கல்லூரி அலுவலகம் ஒன்று, இதை மதச் சங்கங்களின் பட்டியலில் வைப்பதா அரசியல் சங்கங்களின் பட்டியலில் வைப்பதா என்ற ஐயத்திலேயே பல வாரம் கிடப்பில் போட்டிருந்தது. யாருக்கு என்ன எழுத வேண்டும், எந்த விதியைச் சுட்ட வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தது அலையன்ஸின் ஊழியர்தான். வீராவேசமாகக் கடிதம் எழுதத் துடித்த மாணவர்களை அடக்கிவைத்ததும் அவரே.

விதி என்று சொன்னதன் பின்னணி சுவையானது. கடவுள் மறுப்பாளர் சங்கங்கள் இன்று சாய்ந்து நிற்கும் சட்டத் தூண்கள் கிறிஸ்தவ மாணவர்கள் எழுப்பியவை. மிசௌரி பல்கலைக்கழகத்தின் கேன்சஸ் சிட்டி வளாகத்தில், பிற சங்கங்களுக்குத் திறந்த அறைகளைக் கார்னர்ஸ்டோன் என்ற கிறிஸ்தவ மாணவர் குழுவுக்கு மட்டும் வழிபாட்டுக்குத் தர மறுத்தார்கள். அது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1981-இல் தீர்ப்பளித்தது. மத மாணவர் குழுக்கள் அரசு உயர்நிலைப் பள்ளிகளிலும் ஒன்றுகூட இடம் வேண்டும் என்ற கிறிஸ்தவ அமைப்புகளின் வற்புறுத்தலால் 1984-இல் சம அணுகல் சட்டம் வந்தது. நெப்ராஸ்காவில் கிறிஸ்தவச் சங்கம் தொடங்க விரும்பிய ஒரு மாணவியின் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பேச்சின் பொருளைப் பார்த்துச் சங்கத்தை ஒதுக்கக் கூடாது என்பதே சாரம் என்பதால், பைபிள் வகுப்புக்குத் திறந்த கதவு நாத்திகச் சங்கத்துக்கும் திறந்தாக வேண்டும். பணத்தின் கதையும் இதே போக்குதான். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில், தாம் கட்டும் மாணவர் கட்டணம் தமக்கு ஒவ்வாத சங்கங்களுக்குப் போகிறது என்று கிறிஸ்தவரான சட்ட மாணவர் ஒருவர் தொடுத்த வழக்கில், எந்தக் கருத்துக்கும் சாயாமல் பங்கிடும் வரை அந்தக் கட்டணம் செல்லும் என்று 2000-இல் தீர்ப்பானது. பின்னாளில், 2014-இல், அதே மேடிசன் வளாகத்தின் நாத்திகர், மனிதநேயர் சங்கத்துக்கு மாணவர் கட்டணத்திலிருந்து 60,000 டாலருக்கு மேல் ஒதுக்கப்பட்டது. இந்த வரலாற்றைப் புதிய பொறுப்பாளர்களுக்குச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் சிரிப்பைப் பார்க்க வேண்டும். தனியார் மதக் கல்லூரிகளை இத்தீர்ப்புகள் கட்டுப்படுத்தாது. அங்கே அலையன்ஸால் ஆறுதலும் ஆலோசனையும்தான் தர முடியும்.

ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமையில் அலையன்ஸ் நடத்தும் ‘நாத்திகரைக் கேளுங்கள்’ நாள்தான் இவர்களது நிகழ்ச்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது. செய்முறை மிக எளிது: ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் ஒரு மடக்கு மேசை, முன்னால் ஒரு பதாகை, ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய், பின்னால் இரண்டு மாணவர்கள். முதல் அரை மணி நேரம் மிட்டாயை எடுத்துக்கொண்டு கண்ணைத் தாழ்த்திக் கடந்துபோகிறவர்கள்தான் மிகுதி. பிறகு ஒருவர் நிற்பார். ‘கடவுள் இல்லையென்றால் திருடாமல் இருப்பது எதற்காக?’ என்ற கேள்வி தவறாமல் வரும், ‘சாத்தானைக் கும்பிடுவீர்களா?’ என்பதும் வரும். ஒருமுறை, செவிலியர் படிப்பு மாணவி ஒருவர் விவாதத்துக்கு வராமல், சாகக் கிடக்கும் நோயாளி தன்னோடு சேர்ந்து ஜெபிக்கச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எங்கள் மாணவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கையைப் பிடித்துக்கொண்டு அமைதியாக இருப்பேன் என்றார் ஒருவர். மற்றவருக்குப் பதில் வரவில்லை. அன்று மாலைக் கூட்டம் முழுக்க அதைப் பற்றியே நடந்தது. துண்டறிக்கை எதிலும் இல்லாத கேள்வியை வளாகமே கொண்டுவந்து தந்தது. அதற்கு இடம் தந்த அளவில் அந்த மேசை வெற்றிதான்.

பாதுகாப்பான இடம் என்று பேராசிரியர்களும் விடுதிப் பொறுப்பாளர்களும் பயிற்சி பெற்றுத் தங்கள் கதவில் ஒட்டுவில்லை ஒட்டிக்கொள்ளும் திட்டம் ஒன்றும் உண்டு. பாலினச் சிறுபான்மை மாணவர்களுக்காக ஏற்கெனவே வளாகங்களில் இருந்த ஏற்பாட்டைப் பார்த்து அமைத்தது. நம்பிக்கையை விட்டதை வீட்டில் சொன்னால் படிப்புச் செலவு நின்றுவிடும் என்று அஞ்சும் மாணவருக்கு இது உதவும். பயிற்சி சுருக்கமானது, ஒழுங்கானது. அதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

குறைகளுக்கு வருகிறேன். கிளைகள் தன்னாட்சி உடையவை, எதைச் செய்வது என்பதை அந்தந்த வளாகமே முடிவு செய்யும் என்பது இம்மாதிரி இயக்கங்களின் பெருமை, அதுவே பலவீனமும். 2010-இல் இல்லினாய், நார்த்வெஸ்டர்ன், மேடிசன் பல்கலைக்கழகங்களின் நாத்திக மாணவர் சங்கங்கள் நபிகள் நாயகத்தின் பெயரான முகமது என்று எழுதிக் குச்சி உருவங்களைச் சாக்கட்டியால் நடைபாதைகளில் வரைந்தன. கருத்துரிமையைக் காட்டவே செய்தோம் என்றார்கள். அவற்றில் ஒரு வளாகத்தின் முஸ்லிம் மாணவர்கள் அந்த உருவங்களுக்குக் குத்துச்சண்டைக் கையுறை வரைந்து, பெயரோடு அலி என்று சேர்த்து, முகமது அலி ஆக்கிவிட்டார்கள். சட்டப்படி இரு தரப்புக்கும் உரிமை இருந்தது. நயம் யாரிடம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. சிறுபான்மையினராகிய சக மாணவரைச் சீண்டுவதற்கும் பெரும்பான்மை மதத்தின் அரசியல் செல்வாக்கைக் கேள்வி கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் புதிய பொறுப்பாளர்களுக்கு அழுத்தமாகச் சொல்லித்தரும் பயிற்சி வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்று, நம்மவர்களுக்கு நேரடியாகப் படும் குறை. நான் பார்த்த அளவில் இவர்களது எழுத்தும் பேச்சும் கிறிஸ்தவச் சூழலை மனத்தில் வைத்தே உருவானவை. அதற்குக் காரணம் உண்டு; அரசுப் பள்ளி வகுப்பறைகளில் பைபிளின் பத்துக் கட்டளைகளைத் தொங்கவிடச் சொல்லி 2024-இல் லூயிசியானா சட்டம் போட்ட நாடு அது. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து போகும் மாணவருக்கு மத மறுப்பு என்பது சாதி மறுப்போடு சேர்ந்தே வருகிறது. அவர் இந்தச் சங்கத்தில் உட்கார்ந்தால் படைப்புவாதமா பரிணாமமா என்ற விவாதத்தில் பார்வையாளராகத்தான் இருப்பார். கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு, மாணவர்களின் முயற்சியால், பாகுபாடு தடுப்புக் கொள்கையில் 2022-இல் சாதியையும் சேர்த்த பிறகும், மதச்சார்பின்மைச் சங்கத்தின் கூட்ட நிரலில் அது ஒரு பொருளாக எழுந்து நான் பார்க்கவில்லை. எங்கள் சங்கத்தில் தெற்காசிய மாணவர் ஓரிருவர் வந்து, சிரித்துப் பேசி, அடுத்த பருவத்தில் வராமல் போனதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

துடிப்பான ஒரு தலைவர் பட்டம் வாங்கிக்கொண்டு போனதும் கிளை படுத்துவிடும் நோய்க்கும் மருந்து கையேட்டில் இருக்கிறது. பொறுப்பைக் கைமாற்றும் முறை தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. இறுதித் தேர்வு நெருங்கும் மே மாதத்தில் அதைப் படிக்கும் மாணவரைத்தான் காணோம்.

மொத்தத்தில், அரசுப் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சங்கம் தொடங்குவோர் தயங்காமல் அலையன்ஸை அணுகலாம். மதக் கல்லூரியில் படிப்பவர் முதலில் அக்கல்லூரியின் மாணவர் விதிமுறைகளைப் படித்துவிட்டு எழுத வேண்டும். சாதி, இந்து மதம், இந்திய அரசியல் பற்றிப் பேச இடம் தேடுபவர் இதன் கிளையில் உறுப்பினராக இருந்துகொண்டே தனியாக ஒரு வாசகர் வட்டமும் வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே அறையை முன்பதிவு செய்ய முடியும். சங்கங்கள் ஆள் சேர்க்கும் வளாகக் கண்காட்சி பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில் வந்துவிடும் என்பதால், கோடை விடுமுறையிலேயே விண்ணப்பித்து, மேசைக்கான பொருட்களைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.