விடுமுறைக் காலையில் ஓவனில் வேகும் பழப் பலகாரம்: நான்கில் எது கைகொடுக்கும்?

கிறிஸ்துமஸ் நள்ளிரவு ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பும்போது மணி இரண்டை நெருங்கிவிடும். மறுநாள் காலையில் எட்டுப் பேருக்குப் பசிக்கும். அவர்களில் இருவர் சிறு பிள்ளைகள், ஒருவர் பல்செட் அணிந்த என் மாமியார். மதியப் பிரியாணிக்கான வெங்காயம் ஒன்பது மணிக்கே ஒரு பர்னரில் வதங்கத் தொடங்கிவிடும் என்பதால், அடுப்பைக் கேட்காமல் ஓவனிலேயே தானாக வெந்து முடியும், பழம் சேர்ந்த, அளவான இனிப்புள்ள ஒரு காலைப் பலகாரத்தைத் தேடத் தொடங்கினோம். சில ஆண்டுகளில் நான்கு வகைகளைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாயிற்று: பிரான்சின் கிளாஃபுட்டி, அமெரிக்காவின் டச்சு பேபி, இரவே ஊறவைத்துக் காலையில் பேக் செய்யும் பாம்பே டோஸ்ட், பழம் சேர்த்துச் சுட்ட ஓட்ஸ். நான்குமே சமையல் குறிப்புகளில் ‘எளிது’ என்ற அடைமொழியோடுதான் வருகின்றன. யாருக்கு எளிது, எந்த நேரத்தில் எளிது என்பதில்தான் இவை ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகின்றன.

பார்வைக்கு முதலிடம் டச்சு பேபிக்கே. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சியாட்டில் நகரில் மான்கா குடும்பத்தார் நடத்திய உணவகத்தில் இந்தப் பெயர் பிறந்தது என்றும், ஜெர்மானியரைக் குறிக்கும் ‘டாய்ச்’ என்ற சொல் அந்த வீட்டுக் குழந்தையின் வாயில் ‘டச்’ ஆனது என்றும் சொல்வார்கள். எப்படியிருந்தாலும் இதற்கும் ஹாலந்துக்கும் சம்பந்தமில்லை, இது ஜெர்மன் அப்பத்தின் வழிவந்தது. மூன்று முட்டை, 65 கிராம் மைதா, 120 மில்லி பால், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றினால் நீர்தோசை மாவைவிடச் சற்றே கெட்டியான கரைசல் கிடைக்கும். 220 டிகிரியில் காய்ந்த ஓவனுக்குள் இரும்புச் சட்டியைப் பத்து நிமிடம் வைத்து, வெளியே எடுத்து, இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயை அதில் உருக்கி, அது சீறும்போதே மாவை ஊற்றி உடனே கதவைச் சாத்த வேண்டும். பேக்கிங் பவுடர் எதுவும் கிடையாது. மாவிலுள்ள ஈரம் சூடான இரும்பில் பட்டு ஆவியாகி, முட்டையும் மைதாவும் சேர்ந்த மெல்லிய சுவரை மேலே தள்ளுகிறது. ஓரங்கள் சட்டியின் விளிம்பைத் தாண்டி ஏறி, பூரி உப்புவதுபோல் கண்ணெதிரே உப்பும். பதினெட்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஓவனை விட்டு வெளியே வந்ததும் உள்ளிருந்த ஆவி குளிர்ந்து, அந்த மாளிகை இரண்டு மூன்று நிமிடங்களில் தரைமட்டமாகிவிடும். முதல் ஆண்டு நான் இதைப் பெருமையோடு மேசைக்குக் கொண்டுவந்தபோது என் மைத்துனர் குளியலறையில் இருந்தார். அவர் தலை துவட்டிக்கொண்டு வந்து சேர்ந்த நேரத்தில் சட்டியில் கிடந்தது ஓரம் மட்டும் மொறுமொறுப்பான ஒரு தடித்த முட்டைத் தோசை. சுவையில் குறை ஒன்றுமில்லை என்றாலும், காட்டுவதற்காகவே செய்த பண்டத்தில் காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. அதைவிடப் பெரிய தடை எண்ணிக்கை. பத்து அங்குலச் சட்டி ஒன்று மூன்று பேருக்குத்தான் போதும். எங்கள் 28 லிட்டர் ஓவனில் ஒரு நேரத்தில் ஒரு சட்டிதான் நுழையும். எட்டுப் பேருக்கு மூன்று முறை சுட வேண்டும், ஒவ்வொரு முறையும் சட்டியைத் திரும்பக் காயவிட வேண்டும் என்று கணக்குப் போட்டால் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும், சுடுகிறவர் கடைசியில் நின்றுகொண்டே சாப்பிடுவார். பழத்துக்கும் இதில் இடம் குறைவு. ஒரு ஆப்பிளை மெல்லிய வில்லைகளாக்கி வெண்ணெயில் வதக்கி அடியில் பரப்பலாம். அதற்கு மேல் போனால் பாரம் தாங்காமல் நடுப்பகுதி எழும்பாது. பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள சட்டியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன், ஆர்வத்தில் மறந்துபோகிற விஷயம் அது.

கிளாஃபுட்டி இதற்கு நேர் எதிரான குணம் கொண்டது, அவசரமே கிடையாது. நடு பிரான்சில் உள்ள லிமூசேன் பகுதியின் வீட்டுப் பலகாரம் அது. ‘நிரப்புதல்’ என்று பொருள்படும், தென் பிரான்சின் வட்டார மொழியான ஆக்சிதானின் சொல்லிலிருந்து அதன் பெயர் வந்தது. பெயருக்கேற்ப, வெண்ணெய் தடவிய தட்டில் கறுப்புச் செர்ரிகளை நெருக்கமாக நிரப்பி, அவற்றின்மேல் பால், முட்டை, மைதா, சர்க்கரை கலந்த நீர்த்த மாவை ஊற்றி 180 டிகிரியில் நாற்பது நிமிடம் சுடுகிறார்கள். செர்ரி அல்லாத வேறு பழம் போட்டால் அந்த ஊர்க்காரர்கள் அதைக் கிளாஃபுட்டி என்று ஏற்றுக்கொள்ளாமல் ஃப்லோன்யார்ட் என்று வேறு பெயரால் அழைக்கிறார்கள். அந்தக் கண்டிப்பின்படி பார்த்தால் டிசம்பர் மாதத்தில் நம் ஊரில் கிளாஃபுட்டி செய்யவே முடியாது. காஷ்மீர், இமாச்சலச் செர்ரிகள் கோடையில்தான் வரும். நாம் செய்வதெல்லாம் ஃப்லோன்யார்ட்தான், வாய்க்குச் சுலபமான பெயரையே நான் வைத்துக்கொள்கிறேன்.

மரபுப்படி செர்ரியின் கொட்டையை நீக்குவதில்லை. பழத்தைக் கீறாததால் சாறு வெளியேறி மாவை நீர்க்கச் செய்யாது என்பது ஒரு காரணம்; கொட்டையிலிருந்து வாதுமையை நினைவூட்டும் மெல்லிய மணம் இறங்கும் என்பது மற்றொன்று. இந்த நியாயத்தை நம்பி ஒரு முறை கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை விதையோடு முழுதாகப் போட்டேன். சாறு உள்ளேயே நின்றது உண்மை, நிறமும் கண்ணைப் பறித்தது. ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு மூன்று விதைகள் கடிபட்டுத் துவர்த்தன, மாமியார் மரியாதைக்காக ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டார். அதன்பின் விதையில்லாத கறுப்புத் திராட்சையோ, மகாபலேஸ்வரத்திலிருந்து குளிர்காலத்தில் வரும் ஸ்ட்ராபெரியோ போட்டு வருகிறேன். ஸ்ட்ராபெரியை நறுக்கிச் சர்க்கரை தூவி அரை மணி நேரம் வைத்து, ஊறிய சாற்றை வடித்துவிட வேண்டும். வடிக்காவிட்டால் அடியில் தண்ணீர் தேங்கி நடுப்பகுதி வேகாமல் கொழகொழவென்று நிற்கும்.

மூன்று முட்டை, 300 மில்லி பால், 80 கிராம் மைதா, 80 கிராம் சர்க்கரை, 400 கிராம் பழம் என்பது 24 சென்டிமீட்டர் தட்டுக்கு உரிய அளவு. மாவை முந்தைய இரவே கலந்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஊறிய மாவில் கட்டி இருக்காது. வெந்தபின் இருபது நிமிடம் ஆறவிட்டு வெதுவெதுப்பாகச் சாப்பிடுவதுதான் முறை என்பதால், யார் எப்போது குளித்துவிட்டு வந்தாலும் இது பொறுத்துக்கொள்ளும். ஆனாலும் எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. காலைப் பலகாரம் என்பதைவிட, சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பு என்றே நாக்குக்குத் தோன்றுகிறது. பத்து மணிக்கு இதைச் சாப்பிட்டவர்கள் பதினொன்றரைக்கு முறுக்கு டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள்.

பசி தாங்குவதில் ஓட்ஸை மிஞ்ச முடியாது. சுட்ட ஓட்ஸ் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பழைய முறையில் எளிமையாக வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்களின் வீட்டுச் சமையலோடு சேர்த்துப் பேசப்படும் பண்டம். சீக்கிரம் எழுந்து உடலுழைப்புக்குக் கிளம்புபவர்களின் உணவு என்பது அதை ஒரு துண்டு சாப்பிட்டாலே விளங்கும். 200 கிராம் ஓட்ஸ், 450 மில்லி பால், ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 60 கிராம் சர்க்கரை, நன்கு கனிந்த இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் பட்டைத்தூள், உப்பு என்று எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கலந்து 180 டிகிரியில் நாற்பது நிமிடம் வைத்தால் போதும். உடனே குழைந்துபோகும் இன்ஸ்டன்ட் வகை இதற்கு ஆகாது, தட்டையாக நசுக்கிய முழு ஓட்ஸ் வேண்டும். சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாமே என்று அத்தை கேட்டார். பாலோடு வெல்லம் சேர்ந்து சூடேறினால் திரியக்கூடும் என்பது பாயசம் வைக்கிற எல்லோருக்கும் தெரியும் என்பதால் நான் அந்தச் சோதனைக்குப் போகவில்லை. நான்கில் முட்டையைத் துணிந்து விட்டுவிடக்கூடியது இது ஒன்றுதான், பிசைந்த வாழைப்பழமே பிடித்து நிறுத்திவிடும். முட்டை சேர்க்காத விருந்தினர் வருகிறார்கள் என்றால் வேறு யோசனையே தேவையில்லை. மற்றபடி இதற்குப் பண்டிகைக் களை கிடையாது. மருத்துவர் சொல்லிச் சாப்பிடுவது போன்ற ஒரு தோற்றம் அதற்கு எப்படியோ வந்துவிடுகிறது, பிள்ளைகள் அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஆக, எங்கள் வீட்டில் நின்று நிலைத்தது பாம்பே டோஸ்டின் ஓவன் வடிவம். பழைய ரொட்டியை வீணாக்காமல் பாலிலும் முட்டையிலும் ஊறவைத்து உயிர்ப்பிப்பதுதான் இதன் அடிப்படை. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ‘இழந்துபோன ரொட்டி’ என்றே பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார்கள். தோசைக்கல்லில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடும் வேலையை விட்டுவிட்டு, எல்லாத் துண்டுகளையும் ஒரே தட்டில் அடுக்கி ஓவனில் தள்ளிவிடுவதில்தான் இதன் ஆதாயம் முழுவதும் இருக்கிறது. 300 கிராம் ரொட்டிக்கு நான்கு முட்டை, ஒரு அரை லிட்டர் பால் பாக்கெட், 80 கிராம் சர்க்கரை, நான்கு ஏலக்காய் என்ற அளவு ஐந்து பேருக்குச் சரியாக வரும். எட்டுப் பேருக்கு இதை ஒன்றரை மடங்காக்கி, ஓவனில் நுழையக்கூடிய மிகப் பெரிய தட்டை எடுத்துக்கொள்கிறேன். ஆராதனைக்குக் கிளம்புமுன் பத்து நிமிடத்தில் இதை அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். காலையில் முதலில் விழித்தவர், அவர் யாராக இருந்தாலும், அதை எடுத்து ஓவனில் வைத்தால் போதும். சமைக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆனால் ரொட்டியின் தேர்வில் கவனம் வேண்டும். கடையில் கிடைக்கும் மென்மையான சாண்ட்விச் ரொட்டியை அப்படியே இரவு முழுக்க ஊறவைத்தால் காலையில் களிதான் கிடைக்கும். பேக்கரியில் முழுதாக விற்கும் பால் ரொட்டியை ஒரு நாள் முன்னதாக வாங்கி, கட்டைவிரல் கனத்துக்கு வெட்டி, 150 டிகிரியில் பத்து நிமிடம் உலர்த்திக்கொள்வது என் வழக்கம். விரலால் தட்டினால் ரஸ்குபோல் ஓசை கேட்காவிட்டாலும் மேற்பரப்பு சொரசொரப்பாக வேண்டும். உலர்ந்த ரொட்டிதான் பாலை உள்ளே இழுத்துத் தன் வடிவத்தையும் காத்துக்கொள்ளும். இன்னொன்று, கண்ணாடித் தட்டில் அடுக்கியிருந்தால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சூடான ஓவனில் வைக்கக் கூடாது, விரிசல் விடும். அரை மணி நேரம் மேடையில் வைத்திருந்து பிறகு வைக்க வேண்டும். விழித்தவருக்குச் சமையல் தெரிய வேண்டியதில்லை என்று சொன்னேன், இந்த ஒன்றை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுகிறேன்.

பழத்தை எப்போது சேர்ப்பது என்பதில்தான் நான் மிகவும் பட்டிருக்கிறேன். இரண்டாம் ஆண்டு, நல்ல வாசனையோடு ஒரு அன்னாசி கிடைத்ததே என்று அதைப் பச்சையாக நறுக்கி ரொட்டிக்கு நடுவே செருகி இரவே பாலை ஊற்றிவிட்டேன். காலையில் பால் திரிந்து தண்ணீராகப் பிரிந்திருந்தது. துணிந்து சுட்டுப் பார்த்ததில், நாக்கின் அடியில் வேப்பங்கொழுந்தைக் கடித்ததுபோல் ஒரு கசப்பு. அன்னாசியிலுள்ள புரோமெலைன் என்ற நொதி பாலின் புரதத்தை இரவு முழுக்கச் சிதைத்திருக்கிறது. பப்பாளியிலும் கிவியிலும் இதே வேலையைச் செய்யும் நொதிகள் உண்டு. அன்னாசியைச் சர்க்கரையோடு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் நொதி செயலிழந்துவிடும், அப்புறம் இரவே சேர்க்கலாம். டின்னில் வருவது ஏற்கெனவே சூடுபட்டது என்பதால் அதற்கும் தடையில்லை. ஆப்பிளை வெண்ணெயில் வதக்கி இரவே அடுக்கலாம். வாழைப்பழம் மட்டும் காலையில்தான். முந்தைய இரவு நறுக்கினால் கறுத்துவிடும். நேந்திரத்தின் வில்லை வெந்தபின்னும் கெட்டியாக நிற்கும், மலைவாழை கரைந்து ரொட்டியோடு ஒன்றாகிவிடும், எங்கள் வீட்டில் மலைவாழைக்கே வாக்கு அதிகம்.

சிறிய ஓவன்களில் மேல்கம்பி தட்டுக்கு மிக அருகில் இருப்பதால், கீழ்த்தட்டில் வைத்து 180 டிகிரியில் சுட்டாலும் முதல் இருபத்தைந்து நிமிடத்திலேயே மேல்பக்கம் சிவந்துவிடும். அப்போது அலுமினியத் தாளைத் தளர்வாக மூடி இன்னும் இருபது நிமிடம் விட வேண்டும். நடுவில் கத்தியைச் செருகினால் பால் ஒட்டாமல் வர வேண்டும். வெந்தபின் ஓவனை அணைத்து உள்ளேயே வைத்திருந்தால் அரை மணி நேரம் வரை சூடும் பதமும் மாறாது என்பதால், மைத்துனர் தாராளமாகக் குளித்துவிட்டு வரலாம்.

டச்சு பேபியை நான் கைவிட்டுவிடவில்லை. விருந்தினர்கள் எல்லோரும் கிளம்பி, வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சும் டிசம்பர் 27 அல்லது 28ஆம் தேதிக் காலைக்கு அதை ஒதுக்கியிருக்கிறேன். இருவரும் ஓவன் கண்ணாடிக்கு முன்னால் தட்டோடு நின்றுகொள்கிறோம். கிளாஃபுட்டி கோடை விடுமுறைக்கு நகர்ந்துவிட்டது, மே மாதம் கொடைக்கானல் பிளம்ஸ் சந்தைக்கு வரும்போது அதற்கு இணை கிடையாது. பண்டிகைக் காலைக்கு ரொட்டித் தட்டுதான். அதில் மொறுமொறுப்பான நான்கு மூலைத் துண்டுகளுக்குப் பிள்ளைகள் முந்தைய இரவே பெயர் சொல்லிவைத்துவிடுகிறார்கள், நடுவில் உள்ள மிருதுவான துண்டு யாரும் கேட்காமலேயே மாமியாரின் தட்டுக்குப் போய்விடுகிறது.