அஸ்வெசும: கொழும்புக் குடும்பங்களுக்கு எவ்வளவு கைகொடுக்கிறது?

2023 ஜூலையில், வறிய குடும்பங்களுக்கான பழைய சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில் வந்த இலங்கை அரசின் நலன்புரி உதவித்திட்டமான அஸ்வெசும, வேலை வாங்காமல் காசை நேரே வங்கிக் கணக்கில் போடுகிறது. இந்தியாவின் நூறு நாள் வேலைத்திட்டம்போல மண்வெட்டி பிடிக்கத் தேவையில்லை. முதியவர் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல். உழைக்கக்கூடியவர் தொழிலிழந்து நிற்கும் வீட்டுக்கோ இது போதவே போதாது, அங்கே வேலைதான் வேண்டும்.

தொடக்கத்தில் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என நான்கு படிகள். 2025 ஜனவரியில் மேல் இரண்டும் 10,000, 17,500 ஆகின.

பயனாளிகளைத் தெரிவுசெய்ய ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகள்: கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு. கொழும்பில் சிக்கல் இங்கேதான். வனாத்தமுல்லை, முகத்துவாரம் தொடர்மாடிகளில் சீமெந்துச் சுவரும் குழாய்த் தண்ணீரும் எல்லா வீட்டிலும் உண்டு. நாட்கூலி கிடைத்ததா என்பதை அவை காட்டாது. ஒரே மீற்றரில் மூன்று குடும்பம் கரண்ட் எடுத்தால், பாவனை முழுவதும் ஒரு வீட்டின் கணக்கில் ஏறி, அந்த வீடு வசதியானதுபோலத் தெரியும். தகவல் எடுக்க வருபவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும். தமிழ்ப் பெயர்களில் இது அடிக்கடி பிசகுகிறது. பயனாளிகள் பட்டியலில் பெயர் விடுபட்டால் பிரதேச செயலகத்தில் தவணைக்குள் மேன்முறையீடு செய்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.