கோலா, செயற்கைக்கோளா? கடற்கரைச் செயல்திட்டத்துக்கு எது?

இளங்கலைப் புவியியல் வகுப்பில் கடற்கரை பற்றிய செயல்திட்டம் என்றால் இரண்டு வழிகள் உண்டு. செயற்கைக்கோள் படங்களை இறக்கிக் கணினியில் கரைக்கோடு வரையலாம். அல்லது அளவு குறித்த, ஒரே உயரமுள்ள இரண்டு கோல்களோடு மணலில் இறங்கிக் கரையின் சாய்வை அளக்கலாம். என் வகுப்புக்கு நான் கோல்களைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்த ஆண்டும் அதையேதான் செய்வேன்.

செலவு இதில் பேச்சே இல்லை. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் லேண்ட்சாட், சென்டினல் செயற்கைக்கோள்களின் படங்களும் இலவசம். கோல்கள் இரண்டு மரச்சட்டங்கள்தான்.

செயற்கைக்கோளின் பலம் காலம். லேண்ட்சாட் வரிசை 1972-இல் தொடங்கியது. எண்ணூரில் 2001-இல் துறைமுகம் வந்த பிறகு அக்கம்பக்கத்துக் கரை மாறிய விதத்தை வேறெப்படிக் காட்டுவது? ஆனால் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர். ஒரு பருவமழையில் கரை இழக்கும் சில மீட்டர்கள் அதற்குள்ளேயே அடங்கிவிடும். ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், வேறு குழப்பும். கரைச்சாய்வு 20-க்கு 1 என்றால், நீர்மட்டம் ஒரு மீட்டர் ஏறும்போது நீர்க்கோடு 20 மீட்டர் உள்ளே வந்துவிடும். மாணவர் அதை அரிப்பு என்று எழுதிவிடுவார்.

கோல் முறையை 1961-இல் வெளியிட்டவர் கடலியல் அறிஞர் எமரி. கரைப்பக்கக் கோலை ஒட்டிக் கண்ணை வைத்து, கடல்பக்கக் கோலின் உச்சியும் அடிவானமும் ஒரே கோட்டில் வரும் இடத்தைப் பார்க்க வேண்டும். நம் கோலின் உச்சியிலிருந்து அந்த இடம் எவ்வளவு கீழே இருக்கிறதோ, அவ்வளவுதான் இரு கோல்களுக்கும் இடையிலான இறக்கம். பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

அளப்பது எளிது, பராமரிப்பதுதான் பாடு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும், அடுத்த ஆண்டும் அதே கோட்டில் அளந்தால்தான் எண்களுக்கு மதிப்பு. அதற்குத் தொடக்கப்புள்ளி அசையாமல் இருக்க வேண்டும். முளைக்குச்சியை யாராவது பிடுங்கிவிடுவார்கள். சுவரில் வைத்த பெயிண்ட் குறி அடுத்த வெள்ளையடிப்பில் போய்விடும். கைபேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். எனவே பழைய கட்டடத்தின் மூலை ஒன்றைப் பிடித்து, வேறு இரண்டு நிலையான பொருள்களிலிருந்து அதன் தூரத்தை டேப்பால் அளந்து, காம்பஸ் திசையையும் புகைப்படத்தையும் சேர்த்துக் குறிப்பேட்டில் பதிய வைக்கிறேன். அந்தக் குறிப்பேடு துறையின் அலமாரியில் இருக்கும்; மாணவர் வீட்டுக்குப் போகாது. இதற்கு ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். யாரும் முன்வராத துறைக்குச் செயற்கைக்கோள் வழியே நல்லது, ஏனென்றால் அந்தப் படச் சேமிப்பைக் காக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

என் அனுபவம் சிறிய வகுப்புகளோடு சரி. 60 பேரைக் கரையில் வைத்து மேய்ப்பது வேறு வேலையாக இருக்கலாம். ஊரில் கடலே இல்லை என்றால் அடிவானமும் கிடைக்காது. ஏரிக்கரையில் அளக்க, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் போதும்.